பதினேழாம் நம்பர் புளியமரம் சொன்னது

மனிதனாய்ப் பிறந்த ஒவ்வொருவனுக்கும் உள்ளே ஒரு நோக்கம் ஒளிந்து கிடக்கிறது என்பதைச் சர்க்கார் கண்டுபிடித்தது, விரோதிகிருது வருஷம் ஆவணி மாதம் மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு. இங்கிலீஷ் கணக்குக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும் சும்மா பிறந்து, சும்மா உழுது, சும்மா செத்துக்கொண்டிருந்தோம். யாரும் புகார் சொன்னதில்லை.

கண்டுபிடித்த இடம் புன்னைக்கோட்டைத் தாலுகா கச்சேரி. தாமிரபரணிக் கரைதான், பாளையங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள். வரைபடத்தில் தேடவேண்டாம். அந்தத் தாலுகாவின் வரைபடத்தை மரத்தடியில் விரித்து உட்கார்ந்ததில் அது கிழிந்துபோயிற்று.

நடந்தது இவ்வளவுதான். சீமையிலிருந்து ஒரு துரைசானி பாளையங்கோட்டைக்கு வந்து பிரசங்கம் செய்தாள். காட்டிலே ஒவ்வோர் ஆத்மாவுக்கும் ஒரு மரம் உண்டாம். அதனடியில் போய்ப் பேசாமல் உட்கார்ந்தால், "நீ எதற்காகப் பிறந்தாய்" என்று மரமே சொல்லிவிடுமாம். நல்ல பேச்சுதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முன்வரிசையில் கலெக்டர் துரை உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் பலம். கண்ணை மூடித் தலையை மூன்று தரம் ஆட்டினார்.

பின்வரிசையில் எங்கள் தாசில்தார் சத்தியநேசம் உட்கார்ந்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். துரைமாரின் முகத்தைப் பார்த்துப் படிக்கிற வித்தை போய், பிடரியைப் பார்த்தே படிக்கிற அளவுக்குத் தேறியவர். முதல் ஆட்டல் யோசனை, இரண்டாம் ஆட்டல் சம்மதம், மூன்றாம் ஆட்டல் உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது.

"இத்தால் சகலருக்கும் தெரியப்படுத்துவது. இந்தக் கச்சேரியின் சிப்பந்திகள் யாவரும் தினம் பதினோரு மணி முதல் நாலு மணி வரை, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மரத்தடியில் மவுனமாக உட்கார்ந்து, தத்தம் பிறவி நோக்கத்தை அறிந்து, உரிய அச்சுப் பாரத்தில் பூர்த்தி செய்து, மூன்று பிரதிகள் ஒப்படைக்கவேண்டியது. நோக்கம் இல்லாதவர்களின் மனு எதுவும் இனி வாங்கப்படமாட்டாது."

காட்டுக்குப் போவது தூரம். அதனால் கச்சேரியை ஒட்டிய சாலையோரப் புளியமரங்களையே காடு என்று வைத்துக்கொள்ளலாம் என உத்தரவாயிற்று. அவற்றுக்கு ஏற்கெனவே தாரில் நம்பர் போட்டிருந்தது, ரொம்ப வசதி. பெரிய நிழல் மரம் தாசில்தாருக்கு. அடுத்த நிழல் தலைமைக் குமாஸ்தா அப்பாத்துரைக்கு. இப்படி உத்தியோகம் இறங்க இறங்க நிழலும் இறங்கி, கடைசியில் டவாலிச் சேவகர் தளவாய்க்கு மிஞ்சியது போன மாசம் நட்ட முழங்கால் உயரக் கன்று. அது அவருக்கு நிழல் தர வழியில்லாததால் அவர் அதற்கு நிழல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் முத்துமாலை வந்து சேர்ந்தார்.

முத்துமாலைக்கு ஆற்றுக்கால் ஓரத்தில் வயல். கார் நெல் பொதி கட்டி நிற்கிறது. கதிர் வெளியே வரப்போகிற நேரம். இப்போது தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் பதர். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் வயலுக்குத் திரும்புகிற மடையில் பூட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு மண்வெட்டிச் சண்டை நடந்ததால் சர்க்கார் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலுகா கச்சேரியில் வைத்திருந்தது. தாசில்தாரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணி. அந்த ஆணியில் சாவி. வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். கையெழுத்து மட்டும் வேண்டும்.

அதே மடையில்தான் கீழ்வயல் கருத்தையாவுக்கும் தண்ணீர் போகவேண்டும். கருத்தையா வீட்டில் மாட்டுக்கு உடம்பு சரியில்லை. அதனால் முத்துமாலையை அனுப்பி வைத்தார், கையில் ஒரு தூக்குக் கஞ்சியும் கொடுத்து.

"நீரு போயிட்டு வாரும் அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

"கவலப்படாதேயும்வே. சாவி மட்டும் என் கையில வரட்டும், மொதத் தண்ணி உம்ம வயலுக்குத்தான். என் மேல சத்தியம்."

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரியில் ஆள் இல்லை. நாற்காலிகள் மட்டும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே மரத்தடியில் அப்பாத்துரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முத்துமாலை இருமினார். ஒரு கண் திறந்தது.

"என்னவே வேணும்?"

"மடைச் சாவி வேணும்யா. நெல்லு பொதியில நிக்கி. ஆறு நாளைக்குள்ள தண்ணி பாயலைன்னா போச்சு. வீட்டுல ஏழு வாய் இருக்கு."

"அது கெடக்கட்டும். உம்ம நோக்கம் என்ன?"

"தண்ணி பாய்ச்சணும்."

"அது தேவைவே. நான் நோக்கத்தக் கேக்கேன்."

"நெல்லு வெளையணும்."

"அது ஆசை."

"ஏழு வாயும் சாப்பிடணும்யா."

"அது வழக்கம்." அப்பாத்துரை இரண்டாவது கண்ணையும் திறந்தார். "நோக்கம்ங்கது ஒம்ம வாயால வரப்பிடாது. மரம் சொல்லணும். நாளைக்குப் பதினேழாம் நம்பர் காலியா இருக்கு. வந்து உக்காரும்."

"எம்புட்டு நேரம்யா உக்காரணும்?"

"அது ஆத்மாவப் பொறுத்தது. எனக்கு இன்னைக்குப் பூரா ஒண்ணும் வரல. கட்டெறும்பு மட்டுந்தான் வந்திச்சு."

மறுநாள் முத்துமாலை பதினேழாம் நம்பர் மரத்தடியில் உட்கார்ந்தார். நாலு பக்கமும் குமாஸ்தாக்கள் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி இருந்தார்கள். சாலையில் போன சந்தைக் கூட்டம், ஊரில் ஏதோ பெரிய சாவு, துஷ்டி என்று நினைத்துத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு நடந்தது. காக்கை ஒன்று முத்துமாலையின் தோளில் எச்சமிட்டது. மரம் வாய் திறக்கவில்லை. அவர் அண்ணாந்து, "தாயி, ஒரு வார்த்த சொல்லேன், நான் போவணும்" என்று கெஞ்சினார். காற்று அடித்து இலை சலசலத்தது. அது போதும் என்று எழுந்துவிட்டார்.

"ஐயா, சொல்லிட்டு."

"என்ன சொல்லிச்சு?"

"மடையத் தெறந்து வுடுன்னு சொல்லுச்சு."

"எந்தப் பாஷையில?"

"தமிழ்லதாம்யா. நம்மூரு மரம்லா?"

அப்பாத்துரை பாரத்தை எடுத்து நீட்டினார். நோக்கம், மரத்தின் நம்பர், சொன்ன நேரம் என்று நிரப்பவேண்டிய பத்துக் கலம். கடைசிக் கலம்: மரத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? தெரியாவிட்டால் கைநாட்டாக அதன் கொழுந்து இலை ஒன்றை ஒட்டவும்.

"மூணு பிரதி. மூணு கொழுந்து. நாளைக்குத் தாசில்தார் ஐயா சமுகத்துல வைக்கேன்."

அந்தக் கொழுந்துதான் காரியத்தைக் கெடுத்தது. அதைச் சொல்வதற்குள் இன்னொரு விசேஷம்.

மூன்றாம் நாள் எல்லாருடைய நோக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரே சமயத்தில், ஒரே காற்றில். தாசில்தார் தம் மரத்தடியில் நாற்காலி போட்டு ஒவ்வொரு பாரமாக வாசித்தார். மூன்றாம் குமாஸ்தாவிடம் மரம், "நீ இரண்டாம் குமாஸ்தா ஆவதற்குப் பிறந்தவன்" என்று சொல்லியிருந்தது. இரண்டாம் குமாஸ்தாவிடம், "நீ தலைமைக் குமாஸ்தா ஆவதற்குப் பிறந்தவன்." அப்பாத்துரையிடம், "நீ தாசில்தார் ஆவதற்கு." இருக்கிற நாற்காலியிலேயே இரு என்று ஒரு மரம்கூட ஒருவரிடமும் சொல்லவில்லை. புளியமரங்களுக்கு அவ்வளவு தாராளமான மனசு.

"ஐயாவுக்கு?" என்று அப்பாத்துரை பைய கேட்டார்.

தாசில்தார் வெட்கப்பட்டார். "டிப்டி கலெக்டர் என்றது. நான் நம்பவில்லை. இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். மரம் வார்த்தையை மாற்றவில்லை."

"தளவாய்க்கு?"

சேவகர் தளவாய் கன்றை விட்டு எழுந்து வந்தார். "எங்கன்னுக்கு இன்னும் பேச்சு வரலைய்யா. அஞ்சாறு வருஷமாவும்."

சந்தோஷத்தில் தாசில்தார் முத்துமாலையின் பாரத்தையும் கையில் எடுத்துவிட்டார். பேனாவை மையில் தொட்டார். முத்துமாலை கச்சேரி வாசல் வழியே ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். இன்னும் ஒரு விரற்கடை தூரம் பேனா இறங்கவேண்டும். அப்போது சாலையில் ஒரு சத்தம்.

"எவன்லே எங்கொழுந்தப் பறிச்சது?"

முகம்மது சுல்தான் வந்துகொண்டிருந்தார். அந்தச் சாலையோரப் புளியமரங்களை மூன்று வருஷத்துக்குக் குத்தகை எடுத்தவர். கையில் தடி, கக்கத்தில் குத்தகைப் பத்திரம்.

"சாயபு, சத்தம் போடாதேயும். இங்க ஆத்ம விசாரணை நடக்குது" என்றார் அப்பாத்துரை.

"நடக்கட்டும்வே. ஏம் மரத்துல ஏன் நடக்குது? தாசில்தார் ஐயா, இது நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த பத்திரம். நமக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க."

தாசில்தார் வாசித்தார். "மேற்படி மரங்களின் இலை, பூ, பிஞ்சு, காய், பழம், சுள்ளி, இன்னும் அம்மரங்களினின்று விழக்கூடிய, கிடைக்கக்கூடிய சகலமும் குத்தகைதாரருக்கே பாத்தியமாகும்…"

வாசித்தவரின் குரல் கடைசியில் தேய்ந்துவிட்டது. சுற்றிலும் நின்றவர்களின் முகமும் தேய்ந்தது.

"சகலமும்" என்றார் சுல்தான். "அப்பம் இந்த மரத்துலேருந்து ஒங்களுக்குக் கெடச்சது எல்லாம் என் ஹக்கு, என் பாத்தியத. கொழுந்து மட்டுமில்ல. நோக்கமும் நம்மளுதுதான்."

"அதெப்படி!" அப்பாத்துரை துள்ளினார். "நோக்கம் மரத்துலேருந்து விழல. எனக்கு உள்ளேருந்து எழும்பிச்சு."

"உள்ளேருந்தா எழும்பிச்சு? அப்பம் ஒம்ம நாக்காலியிலயே எழும்பியிருக்கலாமே. எம் மரத்தடிக்கு எதுக்கு வந்தீரு?"

தாசில்தார் சட்டம் தெரிந்தவர். பெருமூச்சு விட்டு எழுதினார்: "புன்னைக்கோட்டைத் தாலுகா சிப்பந்திகளின் பிறவி நோக்கங்கள் யாவும் குத்தகைதாரர் முகம்மது சுல்தான் வசம் இருப்பதாகத் தெரியவருகிறது. சம்பந்தப்பட்டவர்கள் மேற்படியாரிடம் விடுதலைச் சீட்டு வாங்கி வரவேண்டியது."

சாவி ஆணியிலேயே தொங்கியது.

முத்துமாலை சாலையில் சுல்தானைப் பிடித்தார். "சாயபு, என்னுத மட்டும் விட்டுத் தாரும். சின்ன நோக்கந்தான். ஒரு மடை."

"அட, நம்ம முத்துமாலையா! ஒமக்கு இல்லாததா? இந்தக் கச்சேரிக்காரனுவளுக்கு உழுது பொழைக்க சம்சாரி படுத பாடு தெரியுமாங்கேன்? காலைல கிட்டங்கிக்கு வாரும். ஒரு நொடி வேலை."

மறுநாள், அதாவது நாலாம் நாள், முத்துமாலை சுல்தான் புளி மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போனார். வாசலில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு மணி. பின்னால் ரெண்டு புளி மூட்டையை அடுக்கி அதன்மேல் சுல்தான். ஒரே ராத்திரியில் அவர் குரலே கனத்துப் போயிருந்தது.

"மனு இருக்கா?"

"சாயபு, நான்தாம்வே. முத்துமாலை."

"தெரியும். மனு இருக்கான்னு கேக்கேன். எழுதிட்டு வாரும். நமக்கு வாசிக்கத் தெரியாது, அதனால வாசிச்சுக் காட்ட ஓராளையும் கூட்டிட்டு வாரும். கேட்டுட்டு யோசிக்கணும். ஒரு மனுசனோட நோக்கம்னா சும்மாவா?"

"நேத்து ஒரு நொடின்னீரே!"

"நேத்து நமக்குப் பொறுப்பு இல்லலா? நாளைக்கு வாரும். இன்ஷா அல்லாஹ், பாப்போம்." மணியை அடித்தார். கூப்பிட ஆள் ஒருவரும் இல்லை. ஆனாலும் அடித்தார்.

முத்துமாலை வயலுக்குப் போனார். மண் வாய் பிளந்திருந்தது. பொதியை விரலால் நெருடிப் பார்த்தார்; உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. இன்னும் ரெண்டே நாள். கருத்தையா வரப்பில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, குடுத்தானுவளா?"

"நாசமாப் போற பயலுவ. சாவி கண்ணு முன்னால தொங்குதுவே. எடுத்துக் குடுக்க ஒரு பயலுக்கு மனசு இல்ல. கையில கொஞ்சம் அதிகாரம் வந்திட்டா மனுசன் மனுசனா இருக்க மாட்டானோ?"

"நீரு சொல்லுததுதான் சரி" என்று கருத்தையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தூக்குக் கஞ்சி கொடுத்தார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக முத்துமாலை கிட்டங்கி வாசலில் போய் முதல் ஆளாக நின்றார். கொஞ்ச நேரத்தில் பின்னால் வரிசை வளர்ந்தது. மூன்றாம் குமாஸ்தா, இரண்டாம் குமாஸ்தா, அப்பாத்துரை. கடைசியில், வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, தாசில்தார் சத்தியநேசமே வந்து நின்றார். அடுத்த வாரம் கலெக்டர் துரை முகாம். அதற்குள் நோக்கம் கைக்கு வராவிட்டால் டிப்டி கலெக்டர் வேலை வேறு எந்தத் தாலுகா மரத்துக்காவது போய்விடும்.

சுல்தான் ஒன்பது மணிக்கு வந்தார். பத்து மணிக்கு மேஜையைத் துடைத்தார். பதினோரு மணிக்கு வெற்றிலை போட்டார். "இன்னைக்கு ஒரே ஒரு மனுதான் பாப்போம்" என்றார்.

வரிசை முனகியது. தாசில்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. குடையை மடக்கித் தரையில் குத்தினார்.

"என்ன அக்கிரமம் இது! ஒரு மனுஷனை இப்படியா வெயிலில் காக்க வைப்பது? அவனவனுக்கு வீட்டில் ஆயிரம் அவசரம் இருக்காதா? ஒரு கையெழுத்து! ஒரு கையெழுத்துப் போட இவருக்கு என்ன குறைந்துபோகிறது?"

வேடிக்கை பார்க்க நின்ற சம்சாரிகள் நாலைந்து பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். முத்துமாலைக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்று வந்தது. ஐந்து நாளாக மரம் சொல்லாதது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தானாகவே தெரிந்தது. வரிசையின் தலையிலிருந்து வாலுக்கு நடந்தார். தாம் நின்ற இடத்தில் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டுத்தான்.

"ஐயா, அந்தத் தூக்கு நிக்கிற எடம் என்னுது. மொத எடம். நீங்க எடுத்துக்கிடுங்க. எனக்கு அந்தச் சாவியக் குடுத்திருங்க."

தாசில்தார் திடுக்கிட்டார். "என்ன ஓய், லஞ்சமா?"

"லஞ்சமில்லய்யா. என் நோக்கத்த நானே விட்டுக் குடுக்கேன். எனக்கு நோக்கமே வேண்டாம். தண்ணி போதும்."

தாசில்தார் தூக்கைப் பார்த்தார். சுல்தானைப் பார்த்தார். சுல்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். தாசில்தார் அப்பாத்துரையின் முதுகையே மேஜையாக்கி, அங்கேயே எழுதினார்: "மனுதாரர் தமக்குப் பிறவி நோக்கம் ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டபடியால் மடைச் சாவி அவர் வசம் ஒப்படைக்கப்படுகிறது." தாசில்தாருக்குப் பின்னால் நின்ற தளவாய் ஓடிப்போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். அத்தனை நாளில் அந்தக் கச்சேரியில் நடந்த ஒரே வேலை, கன்றுக்கு நிழல் கொடுத்தவர் செய்த அந்த ஓட்டம்தான்.

முத்துமாலை மடைக்கு ஓடினார். பூட்டைத் திறந்து பலகையைத் தூக்கினதும் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. வெடிப்புக்குள் இறங்கிக் குமிழி விட்டது. அவர் வேட்டியோடு வாய்க்காலில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு சிரித்தார். மாலை வரை சிரித்தார். வயல் குடிக்கிற மட்டும் குடித்தது. நிறைந்ததும் பலகையை இறக்கிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

சாவியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. நோக்கம் இல்லாத ஆளுக்கு நோட்டீசு அனுப்பக் கச்சேரியில் பாரம் கிடையாது.

ஆறாம் நாள் காலையில் கருத்தையா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி! சாவி கெடச்சிட்டாம்லா! நேத்தே வருவீருன்னு பாத்தேன். வாரும், தெறந்து வுடும். இன்னைக்குள்ள பாயலைன்னா எனக்குப் போச்சு."

முத்துமாலை வரப்பில் உட்கார்ந்திருந்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. தடவிப் பார்த்தார். வாழ்நாளில் இதுவரை யாரும் அவரிடம் ஓடிவந்து ஒன்று கேட்டதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் கேட்டால் நன்றாயிருக்கும் போலிருந்தது. அவர் குரல் கொஞ்சம் கனத்தது.

"எதுக்குவே?"

"என்ன எதுக்கு? தண்ணிக்குத்தான்."

"அது தேவை." முத்துமாலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒம்ம நோக்கம் என்ன?"

கருத்தையா அவர் இடுப்பில் தொங்கிய சாவியையே பார்த்தார். முத்துமாலை வரப்போரத்துப் பனைமரத்தைக் கைகாட்டினார்.

"அங்கன போயி உக்காரும். பைய யோசியும். நாளைக்குப் பாப்போம்."

கருத்தையா போய்ப் பனையடியில் உட்கார்ந்தார். கோபத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. எனக்கும் அந்த மடையில் ஒரு துண்டு வயல் உண்டு, கருத்தையாவுடையதற்கும் கீழே. அதனால் அவர் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்:

"என் கையில ஒரு நாளு வராமயா போயிரும் அந்தச் சாவி…"

அவர் எழுந்திருக்கட்டும் என்று நான் பின்னாலேயே நிற்கிறேன். சாவி என் கைக்கு வந்தால் யாரை எந்த மரத்தடியில் உட்கார வைப்பது என்பதை முடிவு செய்தாகிவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் ரொம்ப நேரமாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்கிறது. நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

தள்ளாதேயும்வே. வரிசைன்னு ஒண்ணு இருக்குலா?